கலத்தினின்று கண்ட தீவும் கழியினின்று கண்ட கடலும்

தமிழ் நூல்களில் தீவுகள் பல, தீவினர் சிலரே. மணிபல்லவமும் சாவகமும் மணிமேகலை பயின்றார்க்குப் பழகிய பெயர்கள். மாநக்கவாரமும் பன்னீராயிரம் எனத் தொகை சொல்லப்பெற்ற பழந்தீவுகளும் சோழர் மெய்க்கீர்த்தி கற்றார்க்குப் பழகியவை. ஆயின் இத்தீவுகளில் வாழ்ந்தார் எதனை உண்டனர், எதனைத் தொழுதனர், கரை ஒதுங்கிய அயலாரை எவ்வாறு நோக்கினர் என்று வினவின், நூல்கள் தரும் விடை மிகச் சுருங்கியது. அச்சுருங்கிய விடையைக் கொண்டே பண்டைத் தீவினரின் நாகரிகத்தை அளந்துரைத்த வரலாற்றாசிரியர் பலர். அங்ஙனம் அளத்தற்கு அவ்விடை போதுமா, அதனைச் சொன்ன புலவர் எங்கு நின்று சொன்னார் என்பனவே இக்கட்டுரையில் ஆராயப் புகும் பொருள்கள். இவற்றை ஆராய்தற்கு உரைகல்லாகச் சென்னைக்கு வடக்கே உள்ள எண்ணூர்க் கழியையும், அதன் வடபால் கடலுக்கும் உப்புநீருக்கும் இடையே கிடக்கும் காட்டுப்பள்ளித் தீவையும் கொள்கின்றோம். ஏன் இவ்விடம் என்பது பின்னர் விளங்கும்.

முதற்கண் சொற்களை நோக்குவோம். தீவு என்பது த்வீபம் என்னும் வடசொல்லின் திரிபு. நீரிடைப்பட்ட நிலத்தைக் குறிக்கத் துருத்தி, அரங்கம், ஆற்றிடைக்குறை, திட்டு என்பனவும் வழக்கில் உள்ளன. இவற்றுள் துருத்தியும் அரங்கமும் ஆற்றிடை நிலங்களுக்குப் பெயராகித் திருத்துருத்தி, பூந்துருத்தி, திருவரங்கம் எனத் திருக்கோயிலூர்களாய் நிலைபெற்றன. கடலிடை நிலத்துக்குத் துருத்தி என்னும் சொல் வருமிடம் பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்து. ஆண்டு அத்துருத்தியில் இருப்போர் சேரனின் பகைவர். ஆற்றிடைத் துருத்தியில் இறைவன் உறைகின்றான். கடலிடைத் துருத்தியில் பகைவன் உறைகின்றான். ஒரு சொல்லின் இவ்விரு வாழ்க்கையே புலவர் நின்ற இடத்தை ஒருவாறு காட்டிவிடுகின்றது.

இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் கடலகத்துப் பகைவரை வென்று, அவர்தம் காவல்மரமாகிய கடம்பினை அடியோடு வெட்டி, அதனால் முரசு செய்துகொண்டான் என்பது குமட்டூர்க் கண்ணனார் பாட்டாலும், அகநானூற்றில் மாமூலனார் பாட்டுக்களாலும் பெறப்படும் செய்தி. அத்தீவினர் கலங்களைக் கொள்ளையிட்டவர் என்றும், முசிறிக்கு அணித்தே கடற்கொள்ளையர் உளர் என்று பிளினி எழுதியது இவரையே என்றும் ஆய்வாளர் சிலர் கருதுவர். அஃது ஏற்கத்தக்கதே. எனினும் பாட்டினுள் அவர்க்கு ஒரு பேச்சும் இல்லை. அவரிடம் ஒரு மரம் இருந்தது, அதனை அவர் போற்றினர், அதற்காகப் போரிட்டனர் என்ற அளவே அறிகின்றோம். மரத்தைத் தொழுவார் தம் மரத்தைப்பற்றிச் சொல்லியிருப்பின் அது வேறொரு பாட்டாகியிருக்கும். வென்றவனின் முரசில் இருந்து அவர்தம் ஒலியைப் பிரித்தெடுத்தல் இயலாது.

மணிமேகலையின் நிலை இதனின் வேறு. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1898-இல் இந்நூலைப் பதிப்பித்து வெளியிட்ட பின்னர், ஆதிரை பிச்சையிட்ட காதையில் வரும் நாகர்பற்றி எழுதாத வரலாற்றாசிரியர் அரியர். கதை யாவரும் அறிந்ததே, வேண்டுமளவு நினைவூட்டுவோம். கணிகையாலும் சூதாலும் பொருளிழந்த சாதுவன் வங்கத்தில் ஏறிச் செல்கின்றான். கலம் உடைகின்றது. ஒடிந்த மரம் ஒன்றைப் பற்றி நக்கசாரணர் என்னும் நாகர் வாழும் மலைப்பக்கத்தை அடைந்து, ஒரு மரநிழலில் உறங்குகின்றான். நாகர் அவனை உணவாகக் கருதி எழுப்புகின்றனர். அவன் அவர்தம் மொழியில் பேசவே, வியந்து தம் குருமகனிடம் அழைத்துச் செல்கின்றனர். கள் அடும் குழிசியும் முடை நாற்றமும் உலர்ந்த எலும்புகளும் சூழ்ந்த இருக்கையில், கரடி தன் பெட்டையோடு இருந்தாற்போல அத்தலைவன் இருக்கின்றான்.

இவ்வளவில் காதை நின்றிருப்பின் இஃது அயலாரைப் பழிக்கும் வழக்கமான வருணனையாக முடிந்திருக்கும். ஆயின் சாத்தனார் தலைவனைப் பேச விடுகின்றார். விருந்தினனுக்கு நங்கை ஒருத்தியையும் கள்ளையும் ஊனையும் கொடுக்குமாறு அவன் ஏவுகின்றான். அவனுடைய அறத்தில் விருந்தோம்பல் அதுவே. சாதுவன் மறுத்தபோது, இவை இன்றி மாந்தர்க்கு உலகில் இன்பம் யாது என்று கேட்கின்றான். இருவினையும் மறுபிறப்பும் சொல்லப்பட்டபோது நகைத்து, உடம்பை விட்ட உயிர் மற்றோரிடத்தில் புகும் என்பது எங்ஙனம் என வினவுகின்றான். விடை கேட்டு அடிவீழ்ந்த பின்னரும் அவன் தன் நிலத்தை மறக்கவில்லை. கள்ளும் ஊனும் கைவிடின் இவ்வுடம்பில் உயிர் நில்லாது. எமக்கு ஏற்ற அறத்தைச் சொல் என்கின்றான். இதற்குச் சாதுவன் சொன்ன மறுமொழி இக்காதையின் உயிர்நிலை. கலமுடைந்து வருவாரைக் காக்க. மூத்துத் தாமே இறக்கும் விலங்கு ஒழியப் பிறவற்றைக் கொல்லற்க என அவன் அறத்தின் எல்லையை அந்நிலத்தின் உணவுக்கேற்ப வகுக்கின்றான்.

துறவற நெறியைப் பரப்புதற்கு எழுந்த காப்பியம் ஒன்று தீவினன் ஒருவனின் உணவுநிலைக்கு இவ்வாறு இடங்கொடுத்தது சிறிய செய்தி அன்று. குருமகனின் வினாக்கள் பிற்காதைகளில் சமயவாதிகள் கேட்கும் வினாக்களினும் கூரியவை என்பது எம் கருத்து. சாதுவன் நாகர்மொழி அறிந்திருந்தான் என்பதும் எண்ணத்தக்கது. ஒருவன் பிறர் மொழியைக் கலமுடைந்த அன்றே கற்றுவிடான். புகாரின் வணிகர் சிலரேனும் அத்தீவினரோடு முன்பே பேசிப் பழகியிருத்தல் வேண்டும். அங்ஙனமாயின் அவரை மக்களுண்போர் என்ற ஒரு பெயரில் அடக்குதல் பொருந்துமா?

இன்னும் ஒன்று. காதையின் முடிவில் குருமகன், முன்னர்க் கலமுடைந்து வந்தாரிடம் கொண்ட அகிலும் ஆரமும் துகிலும் பிறவும் சாதுவனுக்கு அளிக்கின்றான். இதனைக் கொடுமைக்குச் சான்றாகக் காட்டுவர். உடைகலத்துப் பொருளைக் கொள்ளுதல் நாகர்க்கே உரிய வழக்கமா? காகதீய மன்னன் கணபதிதேவன் 1244-45-இல் மோட்டுப்பள்ளித் துறையில் நிறுத்திய கல்வெட்டைக் காண்க. காற்றால் மோதுண்டு கரைசேர்ந்த கலங்களின் பொருளை முன்னைய அரசர் வலிந்து கொண்டனர் என்றும், தான் உரிய சுங்கம் அன்றிப் பிறிது கொள்ளான் என்றும் அவ்வரசன் அதில் அறிவிக்கின்றான். மோட்டுப்பள்ளி எண்ணூருக்கு வடக்கே இதே கீழைக்கடற்கரையில் உள்ள துறை. முடியுடைய அரசர் தம் உரிமை எனக் கொண்டதனையே தீவின் தலைவனும் கொண்டான். அவனுடைய வேறுபாடு கேட்டவுடன் திருப்பிக் கொடுத்தமை.

ஆயினும் சாத்தனார் கலத்தினின்று இறங்கியவரல்லர். சந்திரதத்தன் கலம் வந்ததும் சாதுவன் ஏறிவிடுகின்றான்; காதையும் அவனோடு புகாருக்குத் திரும்பிவிடுகின்றது. நாகர் அவ்வறத்தைப் பேணினரா, கலமுடைந்த அடுத்தவனை எவ்வாறு ஏற்றனர் என்பவை புலவர்க்கு வேண்டப்படவில்லை. மணிபல்லவத்தின் நிலை இன்னும் தெளிவானது. அமுதசுரபியோடு அங்கு இறங்கிய ஆபுத்திரனை அறியாது விட்டுக் கலம் போய்விடுகின்றது. ஊட்டுதற்கு மக்கள் இன்மையால் அவன் கலத்தைக் கோமுகிப் பொய்கையில் இட்டு உண்ணாநோன்பால் உயிர் விடுகின்றான். தீவு என்பது கலம் தவறவிட்ட இடம் என்னும் கருத்து இதனினும் வலிமையாகச் சொல்லப்பட்டதில்லை. மணிபல்லவம் யாழ்ப்பாணத்துக்கு மேற்கேயுள்ள நயினாதீவா, நாகர்மலை நக்கவாரமா என்னும் வழக்கில் எமக்கு ஆர்வம் மிகுதியில்லை. இடத்தைக் கண்டறிந்தபின்னும் நோக்கு மாறப்போவதில்லை.

தோங்கா மரபினராகிய எப்பேலி ஹவ்வோபா என்னும் அறிஞர் 1993-இல் எழுதிய கட்டுரை ஒன்று இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றது. பசிபிக் தீவுகள் சிறியன, தனித்தன, எளியன என்ற எண்ணம் பெருநிலத்தாரால் வந்தது. கடலையே தம் இல்லமாகக் கொண்ட தீவினர்க்கு நீர் தடையன்று, தம்முள் இணைக்கும் வழி என்பது அவர் வாதம். இதனைத் தமிழுக்குப் பொருத்திப் பார்க்குங்கால் எழும் வினா ஒன்று உண்டு. நீரைத் தடையாகக் கருதாது, நீரின் உள்ளிருந்து பேசும் குரல் நம் இலக்கியத்தில் உண்டா?

உண்டு, அதனை நாம் தீவினர் வரலாற்றுக்குச் சான்றாக எண்ணவில்லை. நெய்தற்பாட்டு அகத்திணை ஆதலின், அதன் பரதவரைத் துறைக்கு அமைந்த பின்னணி என்று கொண்டு உரைகாரர் கடந்துவிட்டனர். நெய்தலின் கழியும் கானலும் அடைகரையும் நிலநூலின்படி நோக்கின் பெரிதும் திட்டுக்களும் நீர்சூழ் மணற்பரப்புக்களுமே. நற்றிணையின் 45-ஆம் பாட்டை இந்நோக்கில் மீண்டும் பயிலல் தகும். தேரேறி வந்த செல்வன் ஒருவனிடம் தோழி பேசுகின்றாள். இவள் கானலிடத்துச் சிறுகுடியில் கடல் புகுந்து மீனெறியும் பரதவர் மகள். நீயோ கொடி நுடங்கும் கடைத்தெருவையுடைய மூதூரில் வாழும் தேருடைச் செல்வனின் மகன். நிணச்சுறாவை அறுத்து உலர வைத்துப் புள் ஓப்பும் எமக்கு அழகு எதற்கு? எம்மேல் புலால் நாறும், அப்பால் நிற்க. கடல் தரும் விளைவால் வாழும் எம் சிறுநல்வாழ்க்கை நும்மதனோடு ஒப்பதன்று. எம்மவருள்ளும் தலைமை சான்றார் உளர் என்பது அவள் கூற்றின் சாரம்.

சேட்படை என்னும் துறைக்கு இதனை இலக்கியமாக்கி, தலைவனை அகற்றும் தந்திரம் என்று உரைத்து விடுவது மரபு. துறை சரியே. எனினும் சொல்லைக் காண்க. மணிமேகலையில் குருமகன் இருக்கையில் முடை நாற்றம்; நற்றிணையில் தோழியின் மேனியில் புலவு நாற்றம். ஆண்டு எலும்பின் உணங்கல். ஈண்டுச் சுறாவின் உணக்கல். நாற்றமும் உலர்த்தலும் இரண்டற்கும் பொது. காப்பியத்தில் அவை கண்டவன் அருவருத்து உரைத்தவை. அகப்பாட்டில் உடையவள் தானே முன்வந்து உரைத்தவை. கலத்தினின்று கண்டவனுக்குக் கரடியின் குகையாகத் தோன்றியது, கழியினின்று பேசுபவளுக்குத் தொழிலும் குடியும் தலைமையும் உடைய வாழ்வு. இவ்விரு பகுதிகளையும் அருகருகே வைத்துப் படியாதவரை, பண்டைக் கடல்மாந்தர்பற்றி நாம் எழுதும் வரலாறு ஒருகண் வரலாறாகவே இருக்கும்.

நெய்தற்பாட்டின் தேரும் இந்நோக்கில் புதுப்பொருள் பெறுகின்றது. கழியில் சுறா தாக்குதலால் அத்திரியின் கால் புண்படுகின்றது. ஈர்மணலில் ஆழி அழுந்துகின்றது. இரவில் முதலைக்கு அஞ்ச வேண்டியிருக்கின்றது. இத்துன்பம் யாவும் வருபவனுக்கே. கழியோரத்துக் குடியினர் அந்நீரால் இடர்ப்பட்டதாகத் தோழி வருந்துவது அரிது. அவனுக்கு என்னாகுமோ என்றே வருந்துகின்றாள். தேர் நெய்தலுக்கு அயற்பொருள். கலம் தீவுக்கு எவ்வாறோ, தேர் கழிக்கு அவ்வாறே. தவத்திரு தனிநாயக அடிகள் பழந்தமிழ்ப் பாட்டின் நிலக்காட்சியை உலக இலக்கியங்களோடு ஒப்பிட்டு விரிவாக எழுதினார். அவர் தாமும் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனில் 1913-இல் பிறந்த தீவகத்தார் என்பது இன்பந்தரும் செய்தி. அவர் இயற்கைக்குக் கொடுத்த இடத்தைத் தொழிலுக்கும் கொடுத்து நெய்தலை மறுபடி ஆராய்தல் இனி வருவோர் கடன்.

அத்தகைய ஆய்வுக்கு எண்ணூர் ஏற்ற நிலம். கொற்றலையாறு என்னும் கொசத்தலையாறு இங்கே கடல் புகுகின்றது. வடக்கே பழவேற்காடு வரை ஒரு நீண்ட மணல்நிலம். அதன் கிழக்கே வங்கக்கடல். மேற்கே உப்பங்கழியும், 1806-இல் காக்ரேன் சென்னையிலிருந்து எண்ணூர்வரை வெட்டுவித்துப் பின்னர் நீட்டப்பெற்று 1878-இல் பக்கிங்காம் பெயர் சூட்டப்பெற்ற கால்வாயும். இயற்கையோடு மண்வெட்டியும் சேர்ந்து வரையறுத்த தீவு காட்டுப்பள்ளி எனலாம். கழியின் தென்புறத்தும் தீவின்மேலும் உள்ள ஊர்ப்பெயர்களை நோக்குக: தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், வடக்கே கருங்காலி, கோரைக்குப்பம். தாழையும் கோரையும் கருங்காலியும் பெயராயின. நீர் சூழ்ந்தமை பெயராகவில்லை. தீவு என்பது இக்குப்பப் பெயர்களுள் ஒன்றிலும் இல்லை. தம்மூரை நீரால் துண்டிக்கப்பட்டதாக எண்ணாதவர் இட்ட பெயர்கள் இவை. புகார் என்ற பழஞ்சொல் போய் முகத்துவாரம் என்ற வடசொல் குப்பத்தின் பெயரிலேயே ஏறிவிட்டது குறித்துத் தனித்தமிழ் அன்பர் வருந்தலாம். ஆற்றின் வாயை ஊர்ப்பெயராக்கும் பழக்கம் மாறவில்லை என்று யாம் மகிழ்வோம்.

தொழிற்சொற்களுள் இரண்டைமட்டும் ஈண்டு எடுத்துக்கொள்வோம். ஒன்று பாடு. பழவேற்காட்டுக் கழியில் மீன்பிடிக்கும் நீரிடங்களைக் குறித்த ஊர்களின் பட்டினவர் சீட்டுக் குலுக்கி முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டுக்குப் பாடு என்று பெயர். நல்ல நீரிடம் என்றும் ஒருவர்க்கே உரியதாகாமல் முறைமுறையே மாறிவரும். ஈழத்துத் தமிழ்க் கரையோரங்களிலும் கரைவலை இழுக்கும் இடத்துக்குப் பாடு என்ற வழக்கு உண்டு. வலைப்பாடு என ஊர்ப்பெயரும் உண்டு. மீன்பாடு என்றால் கிடைத்த மீன். படு என்னும் வினையடி வலையில் அகப்படுதல், நேர்தல், பங்காதல், துன்புறுதல் எனக் கிளைத்தது போலும். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி பாடு என்பதற்குப் பல பொருள் தொகுத்துள்ளது. அவற்றின் உள்ளுறவு அகராதியில் விளங்குவதினும் கழிக்கரையில் விளங்கும்: ஒருவனுடைய முறையும், அவன் பெற்ற மீனும், அவன் பட்ட துன்பமும் அங்கே ஒரு சொல்.

இம்முறையைப் பொதுவுடைமை என்று புகழ்தல் வேண்டா. பாடு உடையார் சிலர், இல்லார் பலர். இல்லாதாருள் இருளர் போன்றோர் வலையின்றிச் சேற்றுநீரில் அமர்ந்து கையால் தடவி இறால் பிடிப்பர். பிடித்ததை இடும் பனையோலைக் கூடையின் பெயர் பறி. அதனைப் பல்லால் கடித்துக் கொண்டே இருகையாலும் தேடுவர். மகளிரும் இத்தொழில் செய்வர். பறி என்னும் சொல்லை அகராதியில் கண்டு மீனிடும் கூடை என்று எழுதிவைக்கும் நாம், அது வாயில் கவ்விய கூடை என்பதைக் கழியைக் காணாதவரை அறியோம். பறியைக் கவ்வியவர்க்குப் பேச்சும் இல்லை. சேட்படை கூறிய தோழியினும் ஒருபடி கீழே, பாட்டில் இடம்பெறாத கழிமாந்தர் உளர் என்பதற்கு இச்சொல் சான்று. அகப்பாட்டும் முழுச்சான்று அன்று என இதனால் அறிக.

இனி இந்நிலத்தின் பிற்கால நிலையைக் கூறாது விடின் ஆராய்ச்சி அறமாகாது. கழியோரத்தில் வடசென்னை அனல்மின் நிலையம் 1994 முதல் மின்னாக்கியது. அதன் சாம்பல் கழியில் படிந்து நீரின் ஆழத்தைக் குறைத்தது. எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் திறக்கப்பட்டது. 2014-இல் காமராசர் பெயர் பெற்றது. காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010-இலும், அதனையடுத்த ஆண்டுகளில் மற்றொரு துறைமுகமும் எழுந்தன. காட்டுப்பள்ளிக் குப்பத்தார் பழைய இடம்விட்டுப் பெயர்ந்தனர். 2017 சனவரி 28-இல் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதிக்கொள்ள, எண்ணெய் கரையெங்கும் ஒதுங்கியது. 2023 திசம்பரில் மிக்சாம் புயல்வெள்ளத்தோடு ஆலை எண்ணெய் கால்வாய் வழியே கழிக்குள் பரவி, படகையும் வலையையும் கரையோர வீடுகளையும் பூசியது. சாதுவன் கதையில் கலம் உடைந்தால் துன்பம் கலத்தார்க்கு. எண்ணூரில் கலம் உடைந்தால் துன்பம் கரையார்க்கு. கலமுடைந்து வருவாரைக் காக்க என்று தீவினர்க்கு அறம் வகுத்த சாதுவன், கலத்தார் கரையார்க்குச் செய்யத்தக்கது யாது என்று சொல்லவில்லை. குருமகனும் அதனைக் கேட்கவில்லை. அவன் கேட்டிருத்தற்குரிய மூன்றாம் வினா அதுவே.

துறைமுகமோ மின்னோ வேண்டா என்பது எம் கூற்றன்று. அதனை முடிவு செய்தற்கு இவ்விதழ் இடமுமன்று. ஆயின் நெய்தற்கு உரை காண்போர்க்கு இதில் இழப்பு உண்டு. நீரிடம் மேடாகிவிட்டால் அந்நீரிடத்தின் பாடு எவர்க்கும் வாராது. பாடு வாராதபோது அச்சொல் துன்பம் என்ற ஒரு பொருளில் சுருங்கும். இறால் அற்ற சேற்றில் பறிக்கு வேலையில்லை. பதிற்றுப்பத்தின் தீவினர்க்குக் கடம்பு போயிற்று. அவர் சொற்களும் உடன் போயின. எண்ணூர்க் குப்பங்களில் வலையின் உறுப்புக்கும் காற்றின் திசைக்கும் நீரோட்டத்துக்கும் சேற்றின் வகைக்கும் வழங்கும் பெயர்களை, அறிந்த முதியோர் இருக்கும்போதே முதுகலை மாணவர் சென்று கேட்டு எழுதுதல் வேண்டும். ஐங்குறுநூற்றில் அம்மூவனார் பாடிய நெய்தல் நூறையும் உடன் கொண்டு செல்க. பாட்டின் ஒவ்வொரு கருப்பொருளுக்கும் குப்பத்தார் சொல்லும் பெயரையும், அது கழியின் எப்பகுதியில் எம்மாதத்தில் காணப்படுவது என்பதையும் ஏட்டின் ஓரத்தில் குறித்து வருக. காணப்படாதவற்றுக்கு எதிரே, கடைசியாகக் கண்டது எந்த ஆண்டு என்று அவர் சொல்வதையும் குறித்துக்கொள்க.